தலைப்புப் பக்கத்தில் தொடங்கிய சண்டை

1

காரியாபட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் சனிக்கிழமை மாலைதோறும் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு நண்பர்களை எனக்குத் தெரியும். ஒருவர் தமிழாசிரியர். கவிதை எழுதுகிறவர். மற்றவர் சிவகாசியில் அச்சகமொன்றில் புரூஃப் பார்த்துவிட்டு வாரக் கடைசியில் ஊர் திரும்புகிறவர். இருபது வருஷ காலம் இது நடந்தது. கவிதையை வாசித்துவிட்டு மற்றவர் சொல்லுவார்: "வாத்தியாரே, இது கவிதை இல்ல. பலசரக்குக் கடைச் சிட்டை." அதற்கு ஆசிரியர்: "சிட்டையையே தப்பில்லாம வாசிக்கத் தெரியாத ஆளு நீரு. உமக்கு எதுக்குய்யா கவிதை?" கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரிப்பார்கள். டீக்கு யார் காசு கொடுப்பது என்பதில் அடுத்த சண்டை தொடங்கும்.

பிறகு அதே வாசகத்தை, ஏறக்குறைய அதே சொற்களில், புரூஃப் நண்பர் கடிதமாக எழுதினார். அப்போது நாங்கள் சிலர் ஸைக்ளோஸ்டைல் செய்து அறுபது பிரதி அனுப்பிக்கொண்டிருந்த பத்திரிகையில் அது வெளிவந்தது. நாலே நாலு வரி. ஆசிரியர் அதை வாசித்தார். அடுத்த சனிக்கிழமை டீக்கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. பதினோரு வருஷம் கழித்து அவர் இறந்தபோது, மற்றவர் மயானம் வரை வந்தார். அதுவரை இருவருக்கும் பேச்சு கிடையாது.

வாயால் சொன்னபோது சிரிக்க வைத்த வாக்கியம், எழுத்தில் வந்தபோது பதினோரு வருஷத்தைத் தின்றது ஏன் என்ற கேள்வி என்னை விடவில்லை. அந்தக் கேள்வியோடுதான் பழைய கண்டனப் பிரசுரங்களை நான் வாசிக்க நேர்ந்தது. தமிழில் எழுத்துச் சண்டை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அருட்பா – மருட்பா விவகாரம். அதைப் பக்திக் கதையாகவோ சாதி, மதப் பூசலாகவோ சொல்லித்தான் நமக்குப் பழக்கம். ஒரு விவாதம் எப்படிச் சண்டையாகிறது என்பதன் வரலாறாக அதை வாசித்துப் பார்க்கலாம் என்று எனக்குப் படுகிறது.

2

இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வயதினர். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822 டிசம்பரில் பிறந்தவர். இராமலிங்கர் சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823 அக்டோபரில் பிறந்தவர். பத்து மாத இடைவெளி. இருவரும் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர்கள். இராமலிங்கர் 1851இல் ஒழிவிலொடுக்கத்தையும் 1855இல் தொண்டமண்டல சதகத்தையும் அச்சிட்டார். நாவலரின் பதிப்புப் பணி பற்றிச் சொல்லவேண்டியதில்லை. இருவரும் இல்லறம் ஏற்காதவர்கள் போலவே வாழ்ந்தவர்கள். 1864இல் நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1867 மே மாதம் இராமலிங்கர் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். இரண்டும் அன்றைய தென்னார்க்காட்டு ஜில்லாவுக்குள்தான். நேரில் உட்கார்ந்து பேச நினைத்திருந்தால் மாட்டு வண்டியில் போகக்கூடிய தூரம். அந்தப் பேச்சு நடக்கவில்லை.

1867இல் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சாயின. தொகுத்தவர் தொழுவூர் வேலாயுத முதலியார். அச்சுக்கு வழி செய்தவர்களில் இறுக்கம் இரத்தின முதலியார் முக்கியமானவர். சண்டைக்குக் காரணமான சொற்கள் மூன்று. ஒன்று, நூலின் பெயர்: அருட்பா. இரண்டு, நூலின் பகுதிகளுக்கு இட்ட பெயர்: திருமுறை. மூன்று, ஆசிரியருக்கு இட்ட பெயர்: திருவருட்பிரகாச வள்ளலார். சைவர்களுக்குத் திருமுறை என்பது தேவாரம் முதலான பன்னிரண்டு. அருளால் பாடப்பட்ட பாட்டு என்பதும் அவற்றுக்கே உரிய மதிப்பு. உயிரோடு இருக்கும் ஒருவரின் பாட்டுக்கு அந்தப் பெயர்களை எடுத்துச் சூட்டலாமா என்பதுதான் நாவலர் தரப்பின் கேள்வி. இதைச் சிறுமையான கேள்வி என்று நான் நினைக்கவில்லை. எது மூலநூல், யார் அதைத் தீர்மானிப்பது என்பது எந்த இலக்கியத்திலும் அடிப்படையான பிரச்னை.

ஆனால் இந்த மூன்று பெயர்களையும் முன்னின்று சூட்டியவர்கள் மாணவர்களும் பதிப்பித்தவர்களும். இராமலிங்கர் தம் கடிதங்களில் சிதம்பரம் இராமலிங்கம் என்று கையெழுத்திடுகிறவர். தம்மை 'இராமலிங்கசாமி' என்று வழங்குவது ஆரவாரத்துக்கு இடமாகும், அது தமக்குச் சம்மதமில்லை என்று இரத்தின முதலியாருக்கு எழுதியவர். மாணவர்கள் 'சாமி'யை விட்டார்கள், 'வள்ளலா'ரைப் பிடித்துக்கொண்டார்கள். தலைப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர், 'வள்ளல் ஆர்?' என்று கேள்வியாகப் பிரித்துப் பொருள் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அதில் உள்ள சங்கடம் மெய்யானது.

எதிர்த்தரப்பிலும் இதே நிலைமை. 'போலியருட்பா மறுப்பு' நாவலருடைய எழுத்து என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். அச்சில் அது மாவண்டூர் தியாகேச முதலியார் பெயரில் வந்தது. ஆக, ஒரு பக்கம் ஆசிரியர் முன்னின்று வைக்காத தலைப்பு. இன்னொரு பக்கம் எழுதியவர் போடாத கையெழுத்து. தமிழின் மிகப் பெரிய எழுத்துச் சண்டை, சம்பந்தப்பட்ட இருவரில் ஒருவரும் நேராக முன்வராமலேயே தொடங்கியது.

எழுத்துச் சண்டைகளின் முதல் விதி இதுதான் என்று தோன்றுகிறது. மனிதன் மனிதனோடு மோதுவதில்லை. ஒரு தலைப்பு ஒரு புனைபெயரோடு மோதுகிறது. டீக்கடையில் 'சிட்டை' என்று சொன்ன வாய்க்கு ஒரு முகம் இருந்தது. சொன்னபின் அந்த முகம் சிரித்தது. அச்சில் சிரிப்பு ஏறாது. அச்சில் ஏறுவது சொல் மட்டும். அந்தச் சொல்லுக்கு வேண்டிய முகத்தை வாசிக்கிறவன் தானே வரைந்துகொள்கிறான். காயம் பட்டவன் வரைகிற முகம் எப்போதும் கோரமாகத்தான் இருக்கும்.

3

அச்சுதான் காரணம் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிட முடியாது. அச்சுக்கு முன்னும் தமிழில் கண்டனம் இருந்தது, கடுமையாகவே இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர், வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து எழுதிய நூலுக்கு வைத்த பெயர் 'இலக்கண விளக்கச் சூறாவளி'. தம் உரையில் 'எடுத்து' என்ற ஒரே சொல்லுக்கு வந்த ஆட்சேபணையை எதிர்த்து அவர் தனியாக ஒரு நூலே எழுதினார். அதன் பெயர் வைரக்குப்பாயம், அதாவது வைரத்தாலான கவசம். ஒரு சொல்லுக்கு ஒரு கவசம். நம்முடைய பண்டிதர்கள் சாந்தமூர்த்திகள் அல்லர்.

ஆனால் அந்த மரபில் ஓர் ஒழுங்கு இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இரண்டாகப் பிரித்தார்: பரபக்கம், சுபக்கம். முதலில் பிறர் பக்கம். உலகாயதத்தில் தொடங்கிப் பதினான்கு மதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த மதத்துக்காரன் சொல்லுகிறபடியே முதலில் சொல்லி, பிறகு மறுக்கிறார். அதற்குப் பிறகுதான் தம் பக்கம். நன்னூலும் நூலாசிரியன் கொள்ளும் மதங்கள் ஏழு என்று கணக்குச் சொல்லுகிறது. உடன்படுவது அதில் முதலாவது, மறுப்பது இரண்டாவது. பிறர் கொள்கையை முதலில் மேற்கொண்டு, பின்பு களைவது மூன்றாவது. இந்த மூன்றாவது எனக்கு மிக நுட்பமானதாகத் தோன்றுகிறது. எதிரியின் சட்டையைச் சிறிது நேரம் போட்டுக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும். அதன் பிறகு கழற்றி எறியலாம்.

நாவலர் இந்த மரபில் ஊறியவர். பின் ஏன் போலியருட்பா மறுப்பில் பரபக்கம் காணாமற்போயிற்று? காரணத்தை 19ஆம் நூற்றாண்டில் தேட வேண்டும். 1835ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு இந்தியர்கள் சொந்தமாக அச்சகம் வைப்பது எளிதாயிற்று. அதற்கு முன்பே மிஷனரிகள் துண்டுப் பிரசுரம் என்ற வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். நாவலர் பீட்டர் பெர்சிவலோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் உதவியவர். மிஷனரிகளின் ஆயுதத்தை அவர்களிடமே கற்று, அவர்கள்மீதே திருப்பியவர். 1854இல் வந்த 'சைவதூஷண பரிகாரம்' அப்படிப்பட்ட நூல். அந்தக் காலத்தில் அது தேவைப்பட்ட ஆயுதம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் ஆயுதத்துக்கு ஒரு குணம் உண்டு. துண்டுப் பிரசுரம் எதிரியை நோக்கி எழுதப்படுவதுபோல் தோன்றும். உண்மையில் அது எழுதப்படுவது தன் பக்கத்தவனுக்கு. எதிரியின் வாதத்தை அதில் முழுதாகச் சொன்னால் தன் பக்கத்தவன் தளர்ந்துவிடுவான். ஆகவே சொல்லக்கூடாது. நேரே மறுப்பில் இறங்க வேண்டும். பரபக்கம் இல்லாத சுபக்கம். அந்நியரை எதிர்த்துப் பழகிய இந்தக் கை, பிறகு சொந்தச் சைவன் ஒருவன் எதிரே வந்து நின்றபோதும் வேறு விதமாக ஓங்கத் தெரியாமல் அப்படியே ஓங்கியது.

இராமலிங்கர் தரப்பும் இதற்குக் குறைந்ததில்லை. 'திருவருட்பாத் தூஷண பரிகாரம்' என்று ஒன்று. 'குதர்க்காரணிய நாச மகா பரசு' என்று ஒன்று. குதர்க்கமென்னும் காட்டை அழிக்கும் பெருங்கோடாலி என்று பொருள். தலைப்புகளைப் பாருங்கள். உள்ளே வாதம் என்ன என்று தெரிந்துகொள்ளும் முன்னமே கோடாலியின் வெட்டு விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு பிரசுரமும் முந்தைய பிரசுரத்தின் சொல்லுக்குப் பதில் சொல்லியது. முந்தையவரின் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. பாட்டுக்கும் சாத்திரத்துக்கும் என்ன உறவு என்ற கேள்வி இரண்டாவது பிரசுரத்திலேயே பின்னால் போய்விட்டது. யார் யாரை என்ன சொன்னார் என்பதே பிறகு விஷயம்.

நியாய சாத்திரக்காரர்கள் பேச்சை மூன்றாகப் பிரித்தார்கள். உண்மையை அறியப் பேசுவது வாதம். வெல்லப் பேசுவது செற்பம். தனக்கென்று ஒரு நிலை இல்லாமல் அடுத்தவன் நிலையை உடைக்க மட்டும் பேசுவது விதண்டை. இதில் ஒரு வேடிக்கை: முதல் இரண்டில் 'வாதம்' மட்டும் வேறு பொருளோடு வழக்கில் தங்கியது, 'செற்பம்' அகராதிக்குப் போய்விட்டது, விதண்டாவாதம் மாத்திரம் பொருள் மாறாமல் டீக்கடை வரை வந்திருக்கிறது. எது அதிகம் புழங்குகிறதோ அதற்குத்தானே சொல் நிலைக்கும்.

4

மூன்றாவது மனிதர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாவலருக்கும் சிதம்பரம் தீட்சிதர்களுக்கும் ஏற்கனவே மனக்கசப்பு இருந்தது. அதற்கும் அருட்பாவுக்கும் சம்பந்தமில்லை. தீட்சை, ஆகமம், கோயில் ஒழுங்கு பற்றியது அது. 1869இல் சிதம்பரம் கோயிலுக்குள் நாவலருக்கு எதிராக ஒரு கூட்டம் நடந்தது. இராமலிங்கர் அதில் இருந்தார். நாவலர் என்ற பட்டத்தைப் பிரித்துச் சிலேடையாக இழிபொருள் சொல்லப்பட்டதாகப் புகார். நாவலர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போனார். மறுபடியும் பாருங்கள், சண்டை ஒரு பெயரைப் பிரித்துப் பொருள் சொல்லுவதில் வந்து நிற்கிறது. 'வள்ளலார்' எந்த இடத்தில் காயப்படுத்தியதோ அதே இடத்தில் 'நாவலர்' காயப்பட்டது.

கோர்ட்டில் நடந்ததாக வழங்கும் கதை எல்லோருக்கும் தெரியும். இராமலிங்கர் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், நாவலரும் எழுந்துவிட்டார், எதிரியே எழுந்து நின்றதைக் கண்ட நீதிபதி வழக்கைத் தள்ளினார் என்பது கதை. நல்ல கதை. இந்த விவகாரத்தின் கண்டன நூல்களையெல்லாம் தேடித் திரட்டி 2010இல் பெரும் தொகுப்பாகக் கொண்டுவந்த ப. சரவணனின் ஆராய்ச்சியைப் பார்த்தால் விஷயம் அத்தனை அழகாக இல்லை. தீட்சிதர்களில் ஒருவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. இராமலிங்கர் விடுவிக்கப்பட்டார். அதாவது இரண்டு தரப்பும் வெற்றி என்று சொல்லிக்கொள்ளக்கூடிய தீர்ப்பு. இரண்டு தரப்பும் சொல்லிக்கொண்டன. சண்டை வளர இதைவிட நல்ல உரம் கிடையாது.

1874இல் இராமலிங்கர் மறைந்தார். 1879இல் நாவலர் இறந்தார். சண்டை சாகவில்லை. 1903, 1904இல் அது மறுபடி எழுந்தது. புலோலி நா. கதிரைவேற் பிள்ளை அருட்பாவை மறுத்துச் சென்னையில் பேசினார். இராமலிங்கரின் பாடலை 'ஆபாச தர்ப்பண'மாகக் காட்டி நூல் எழுதினார். மறைமலையடிகள், அப்போது வேதாசலம் பிள்ளை, எதிர்த்துப் பேசினார். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியிலிருந்து செய்குத்தம்பிப் பாவலர் வந்து அருட்பாவுக்காக மேடையேறினார். சைவர்கள் இருவரின் வழக்கில் ஓர் இஸ்லாமியப் புலவர் ஒரு சைவருக்காக வாதாடியது நம் இலக்கிய வரலாற்றின் அபூர்வமான காட்சி. வென்றவரை யானைமேல் ஏற்றினார்கள் என்று சொல்லுவார்கள். யானை வந்துவிட்ட பிறகு யார் இறங்கிப் போய்ச் சமாதானம் பேசுவார்கள்? கூட்டம் வேடிக்கை பார்க்க வந்தது. பேசுகிறவன் எதிரியை மறந்து கூட்டத்தைப் பார்த்துப் பேசினான். மறுபடி கோர்ட், இந்தத் தடவை சென்னையில், அவதூறு வழக்கு. வழக்குத் தள்ளுபடியாயிற்று.

நான் குறிப்பாகக் கவனிக்கிற விஷயம் வேறு. திருவருட்பாவின் ஆறாம் திருமுறை 1885இல்தான் அச்சில் வந்தது. சாத்திரக் குப்பை, சாதி, சமயப் பிணக்கு எல்லாவற்றையும் உதறி இராமலிங்கர் தனி வழி போனது அதில்தான் வெளிப்படையாகத் தெரிகிறது. ஒரு சைவ மரபாளன் நியாயமாக எதிர்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது அங்கே இருக்கிறது. 1867இல் அது நூலில் இல்லை. அச்சில் இருந்தவை பெரும்பாலும் எந்தச் சைவனும் உருகிப் பாடக்கூடிய தோத்திரங்கள். அவர்கள் இருவருக்கும் இடையே மெய்யான கருத்து வேற்றுமை இருந்தது. ஆனால் அவர்கள் சண்டை போட்டது அதைப் பற்றி அல்ல. தலைப்புப் பக்கத்தைப் பற்றி. மெய்யான வேற்றுமை அச்சுக்கு வந்தபோது இருவரும் உயிரோடு இல்லை. தமிழுக்கு அது ஒரு பெரிய நஷ்டம். நாவலரைப் போன்ற ஒரு மூளை ஆறாம் திருமுறையோடு நேருக்கு நேர் நின்று பரபக்கம் எழுதியிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

5

இப்படிச் சொல்லிக்கொண்டு போனால், சண்டையே வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருப்பதே நாகரிகம் என்ற முடிவுக்கு யாராவது வரலாம். நான் இருக்கிற பிராந்தியம் அந்த முடிவை ஏற்க விடாது.

1849இல் கால்டுவெல் நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். மிஷனுக்குப் பணம் உதவக்கூடிய தூரதேசத்து வாசகர்களுக்காக எழுதியது. எழுதப்பட்டவர்கள் அதை வாசிப்பார்கள் என்ற நினைப்பு அதில் இல்லை. ஆனால் மிஷன் பள்ளிக்கூடங்களே அவர்கள் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தன. ஒரு தலைமுறை கழித்து அவர்கள் அதை வாசித்தார்கள். 1880களில் மறுப்புகளும் மனுக்களும் கிளம்பின. கால்டுவெல் நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ள நேர்ந்தது. ஒருவனைப் பற்றி இன்னொருவனிடம் சொன்னது, முப்பது வருஷம் கழித்து அந்த ஒருவனின் காதிலேயே விழுந்தது. எழுத்து யாருக்காக எழுதப்பட்டதோ அவரோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்கள் ஊருக்குத் தெற்கே அருப்புக்கோட்டையைத் தாண்டித் தென்கிழக்கே போனால் கமுதி. 1897 மே மாதம் அங்கே நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். வழக்கு நடந்தது. மதுரைக் கோர்ட்டு, சென்னை ஐக்கோர்ட்டு, கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில்; 1908 வரை. மூன்று இடத்திலும் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே வந்தது. நடுவில், 1899 ஜூன் 6ஆம் தேதி, சிவகாசி தாக்கப்பட்டது. அரசாங்க ஏட்டில் 'நாடார்' என்ற பெயரே 1921இல்தான் ஏறியது. மதுரைக் கோயில் கதவு 1939 ஜூலை 8இல் திறந்தது.

புத்தகம் கலவரத்தை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. கலவரத்தின் காரணங்கள் நிலத்திலும் சந்தையிலும் கோயில் வாசலிலும் இருந்தன. நான் சொல்ல வருவது வேறு. கமுதிக்காரர்களிடம் போய், "பிணக்கு வேண்டாம், பேசாமல் இருங்கள்" என்று அந்தக் காலத்தில் சொன்னவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். அமைதி என்ற பெயரில் அவர்கள் கேட்டது அடக்கத்தை. சில சண்டைகளைத் தவிர்ப்பது கோழைத்தனம். அங்கே கேள்வி ஒரு பெயர் மட்டுமல்ல. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வாசல் சாத்தியிருந்தது. 'அருட்பா' என்ற பெயருக்குப் பின்னால் அப்படி எந்த வாசல் சாத்தியிருந்தது? இந்தக் கேள்வியைத்தான் எந்த விவாதத்தில் இறங்கும் முன்னும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நான் எதிர்ப்பது ஒரு சாத்திய வாசலையா, ஒரு தலைப்பையா?

6

மணிமேகலையின் தொடக்கத்தில் இந்திர விழாவுக்கு யானைமேல் முரசறைகிறார்கள். சமயவாதிகள் பட்டிமண்டபத்துக்குப் போய் முறையறிந்து ஏறி வாதிடலாம் என்பது அறிவிப்பில் ஒரு பகுதி. பகைவரோடுகூடக் கோபமும் கலகமும் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்பது அதற்கடுத்த பகுதி. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. வாதத்துக்கு ஒரு மண்டபம், ஒரு முறை, இருபத்தெட்டு நாள் என்று ஒரு காலம். அதற்கு வெளியே விலகிச் செல்லும் நாகரிகம். வாதத்தையும் கலகத்தையும் இவ்வளவு சுலபமாகப் பிரித்து வைத்திருந்த சமூகம், அச்சு வந்த பிறகு அந்த மண்டபத்தைக் கட்ட மறந்துவிட்டது. அச்சில் எல்லா இடமும் மண்டபம், எல்லா நாளும் விழா. கடைசி நாள் என்று ஒன்று இல்லாததால் எவனும் வீடு திரும்புவதில்லை.

மண்டபத்தை யார் கட்டுவது? சிறுபத்திரிகைகள் கட்ட முயன்றிருக்கின்றன. சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை நடத்திய 'எழுத்து'வில், அலசிப் பார்க்கும் விமர்சனமா, ரசனையை நம்பும் விமர்சனமா என்று செல்லப்பாவும் க. நா. சு.வும் எதிரெதிர் நிலையெடுத்தார்கள். மனக்கசப்பு இல்லாமல் இருந்திருக்காது. ஆனாலும் இன்று அதை வாசிக்கிறவனுக்கு இரண்டு நிலைகள் கிடைக்கின்றன. இரண்டு வசவுகள் கிடைப்பதில்லை. இருவரும் சொந்தப் பெயரில் எழுதினார்கள் என்பதும், ஒருவர் எதை நம்புகிறார் என்று மற்றவருக்குத் தெரிந்திருந்தது என்பதும் காரணங்களில் சில.

அருட்பா விவகாரத்துக்கும் ஒரு முடிவு உண்டு. அது மேடையில் வரவில்லை. 1904 வழக்கில் கதிரைவேற் பிள்ளைக்காகச் சாட்சி சொன்ன ஒரு மாணவன் இருந்தான். சாட்சி சொல்லப் போனதால் அவனால் பரீட்சை எழுத முடியவில்லை. பள்ளிப் படிப்பு அதோடு நின்றது. அந்தச் சண்டைக்கு அவன் கொடுத்த விலை அது. 1908இல் அவன் எழுதிய நூல் தன் ஆசிரியர் கதிரைவேற் பிள்ளையின் சரித்திரம். 1929இல் அவனே 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்ற நூலை எழுதினான். அந்த மாணவன் திரு. வி. க. இரண்டு நூல்களுக்கும் நடுவே அவரை யாரும் மேடையில் தோற்கடிக்கவில்லை. அவர் அருட்பாவை வாசித்தார், அவ்வளவுதான். தலைப்புப் பக்கத்தைத் தாண்டி உள்ளே போனார். உள்ளே போனதற்காக ஆசிரியரைத் தூக்கி எறியவும் இல்லை. ஒருவரை மதித்துக்கொண்டே அவர் மறுத்ததை ஏற்க முடியும் என்று அறுபது வருஷச் சண்டைக்குப் பின் ஒரு மனிதர் காட்டினார். அதற்கு ஒரு கோர்ட்டும் தேவைப்படவில்லை.

எதிரில் இருப்பவன் சொன்னதை அவன் ஒப்புக்கொள்ளும்படி முதலில் சொல்லிக் காட்டுவது. சொந்தப் பெயரைப் போடுவது. கூட்டத்தைப் பார்க்காமல் அவனைப் பார்த்து எழுதுவது. தலைப்புக்கு ஆத்திரப்படும் முன் உள்ளே வாசிப்பது. பேசித் தீராதபோது விலகிக்கொள்வது. இவையெல்லாம் நன்னூல் காலத்திலிருந்தே நமக்குத் தெரிந்தவை. தெரிந்திருப்பது போதவில்லை என்பதற்கு நாவலரே சாட்சி.

நானும் சாட்சி. டீக்கடை நண்பர்களின் கதையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். புரூஃப் நண்பர் அனுப்பிய கடிதத்துக்குத் தலைப்பு இல்லை. கடைசியில் ஒரு வரி இருந்தது: இந்தக் கவிஞரை இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் கேட்பேன் என்று. ஸ்டென்சிலில் இடம் போதவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டேன். மேலே கொட்டை எழுத்தில் 'கவிதையா, சிட்டையா?' என்று போட்டேன். வாசகனைச் சுண்டி இழுக்கும் என்று நினைத்தேன்.

ஆசிரியர் இறந்த அன்று மயானத்தில் இதைப் புரூஃப் நண்பரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "வரிய எடுத்தது தெரியும் அண்ணாச்சி. நான் அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கணும். நாலு தெருதானே" என்றார்.

வடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் அதைவிடச் சற்று அதிக தூரம்.